பார்சலில் வந்த 13 முட்டைகள்... பொரித்தது எத்தனை?

காலை ஐந்தே முக்கால் மணி. திருச்சியில் ஒரு பார்சல் ஆபீஸ். இரவுப் பேருந்திலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர், கையில் செல்போனோடு காத்து நின்ற பெண்ணைப் பார்த்து, "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"முட்டைங்கண்ணே. கொஞ்சம் பார்த்து எடுங்க."

"முட்டையா? நாமக்கல்லைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, பொள்ளாச்சியில இருந்தா முட்டை வரவழைக்கிறீங்க?"

அவர் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்தவை ஆம்லெட்டுக்கான முட்டைகள் இல்லை. சிறுவிடைக் கோழியின் கரு முட்டைகள். ஏழாம் வகுப்பு முடித்த மகள், கோடை விடுமுறைக்குக் கேட்ட ஒரே பரிசு அதுதான். பிறந்தநாளுக்குச் சேர்ந்த பணத்தை உண்டியலோடு கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். செல்போனில் ஒரு விற்பனைக் குழுவைத் தேடிப் பிடித்து, 12 முட்டைக்கு ஜிபே செய்தார் அம்மா. வழியில் உடைந்தால் இருக்கட்டும் என்று விற்றவர் ஒன்று கூடுதலாக வைத்து 13 அனுப்பியிருந்தார்.

இப்படிக் கரு முட்டைகள் ஊர்விட்டு ஊர் பயணம் செய்வது இப்போது சாதாரணம். சிறுவிடை, பெருவிடை, அசீல், மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவிலிருந்து புகழ்பெற்ற கருங்கோழி கடக்நாத், காடை, வான்கோழி, கினிக்கோழி என்று எல்லாவற்றின் முட்டைகளும் பெட்டியில் ஏறுகின்றன. வளர்ந்த கோழியை அனுப்புவதைவிட இது எளிது, செலவும் குறைவு. ஆனால், "12 வாங்கினேன், இரண்டுதான் பொரிச்சுது, ஏமாத்திட்டாங்க" என்ற புலம்பலும் கூடவே வருகிறது. ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் எல்லாப் பழியும் அவர்கள் மேல் போடக்கூடியதில்லை. சில முட்டைகளின் கதை பேருந்திலேயே முடிந்துவிடுகிறது. சில முட்டைகளை நம் வீட்டிலேயே, நல்லெண்ணத்தோடே, நாம் கெடுத்துவிடுகிறோம்.

தூங்கும் உயிர்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை அடை வைத்தால் பொரிக்குமா? பொரிக்காது. முட்டைப் பண்ணைகளில் கூண்டில் இருப்பவை கோழிகள் மட்டுமே, சேவல் கிடையாது. சேவல் சேராமலும் கோழி முட்டை இடும், அதில் கரு இருக்காது. அடை வைப்பதற்குச் சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும்.

அப்படிப்பட்ட முட்டை வெளியே வந்து விழும்போதே உள்ளே வளர்ச்சி தொடங்கியிருக்கும். கோழியின் வயிற்றுக்குள் முட்டை முழுதாக உருவாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அந்த நேரத்திலேயே கரு ஆயிரக்கணக்கான செல்களாகப் பிரிந்துவிடுகிறது. முட்டை வெளியே வந்து ஆறியதும் அந்த வளர்ச்சி அப்படியே நின்றுபோகும். கரு சாகவில்லை, தூங்குகிறது. கோழி அடைகாக்க உட்கார்ந்தாலோ, இன்குபேட்டர் சூடானாலோ மறுபடி விழிக்கும். முதல் நாள் இட்ட முட்டையும் பத்தாம் நாள் இட்ட முட்டையும் கோழிக்கு அடியில் ஒரே நாளில் பொரிப்பது இதனால்தான்.

இந்தத் தூக்கம் கெடாமல் இருக்க, சுமார் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி நல்லது. ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஃபிரிட்ஜ் இதற்குச் சரிப்படாது, அது அளவுக்கு மீறிய குளிர். அந்தக் காலத்தில் ஈர மணல் மேல் சட்டியை வைத்து, அதில் முட்டை சேர்த்தார்களே, அதுதான் சரியான யோசனை.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊர்க் கோடையில். 27 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். முழுதாக வளர 37 டிகிரிக்கு மேல் வேண்டும், அது கிடைக்காது. திரும்பத் தூங்கவும் முடியாது. இப்படி அல்லாடியே பல கருக்கள் செத்துப்போகின்றன. அக்னி நட்சத்திர வெயிலில், பகல் முழுக்கப் பேருந்தின் அடிப்பகுதியில் கிடந்த பெட்டியை நினைத்துப் பாருங்கள். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

திருச்சிக் குடும்பம் ஆர்டர் செய்தது மே மாதத்தில். இரவுப் பேருந்தில் அனுப்பச் சொன்னதும், விடியற்காலையில் நேரில் போய் வாங்கியதும்தான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். முட்டைகளை எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று விற்றவரிடம் கேட்காமல் விட்டது தப்பு.

அப்பாயியின் கட்டளை

வீட்டுக்கு வந்ததும் பெட்டி திறக்கப்பட்டது. உமி, அதற்குள் பபிள் ரேப்பில் சுற்றிய முட்டைகள், எல்லாம் கூர்முனை கீழே பார்த்தபடி. நல்ல பேக்கிங். ஒன்றில் மட்டும் மயிரிழை விரிசல். அதைத் தனியே எடுத்துவிட்டு, மீதி 12-ஐயும் உடனே இன்குபேட்டரில் அடுக்கப் போனாள் சிறுமி.

"ஏ பாப்பா, வை கீழ!" என்று ஒரு குரல். அப்பாயி.

"பஸ்ஸுல ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்திருக்கு. நாம வந்து இறங்குனா ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் படுக்க மாட்டோம்? அதுவும் கெடக்கட்டும் ஒருநாள்."

அப்பாயிக்கு இன்குபேட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கோழிப்பண்ணைக்காரர்கள் சொல்வதும் அதுவேதான். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது மேலே ஒரு பள்ளம் தெரியுமே, அதுதான். குஞ்சு வெளியே வருவதற்கு முன் முதல் மூச்சை இழுப்பது அந்த அறையிலிருந்துதான். பயணக் குலுக்கலில் அதைத் தாங்கும் சவ்வு விலகிவிடுவது உண்டு. அப்போது காற்று, ரசமட்டத்தின் குமிழி மாதிரி முட்டைக்குள் அங்குமிங்கும் ஓடும்.

இருட்டறையில், செல்போனின் டார்ச்சை அகன்ற முனையில் ஒட்டிவைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். 12-இல் மூன்று முட்டைகளில் குமிழி ஆடியது. அவற்றில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள் சிறுமி. (பேனா வேண்டாம். ஓட்டில் நுண்ணிய துளைகள் உண்டு.)

இதற்கு வைத்தியம் ஓய்வு மட்டும்தான். கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில், 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். குமிழி ஆடும் முட்டைகளை அடை வைத்த பிறகும் முதல் சில நாள்கள் திருப்பாமல், நிற்கவைத்த நிலையிலேயே விடுவது அனுபவசாலிகளின் வழக்கம். இன்னொன்று, முட்டை அழுக்காக இருக்கிறதே என்று கழுவிவிடக் கூடாது. ஓட்டின் மேல் கோழி பூசி அனுப்பிய மெல்லிய படலம்தான் கிருமிக்குக் கதவை அடைத்து வைத்திருக்கிறது. ஏசி அறையிலிருந்து நேராகச் சூட்டுக்குக் கொண்டுபோனால் முட்டை வியர்க்கும், அந்த ஈரத்தோடும் கிருமி உள்ளே போகும்.

மறுநாள் அடை வைக்கும்போது, இன்குபேட்டர் பக்கத்தில் அப்பாயி ஒரு கரித்துண்டும் ஆணியும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரிங்கத்தை" என்று விட்டுவிட்டார். ஆணியால் இன்குபேட்டருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

100 டிகிரியா, 101.5-ஆ?

இன்குபேட்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தெர்மாகோல் பெட்டி, ஒரு பல்பு, ஒரு சின்ன ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு கருவி, ஒரு கிண்ணம் தண்ணீர். ஃபேன் உள்ள பெட்டியில் வெப்பம் 99.5 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஃபேன் இல்லாத பெட்டியில், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 101 முதல் 102.

கருவியின் திரை 100 என்றுதான் காட்டியது. ஆனாலும் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தார். 101.5. விலை குறைந்த கருவிகளில் இந்த வித்தியாசம் சகஜம். மூன்று வாரம் அந்தச் சூட்டில் இருந்திருந்தால் பாதிக்கு மேல் வீணாகியிருக்கும். குளிர்ச்சியைச் சிறிது நேரம் கரு தாங்கிக்கொள்ளும், அதிகச் சூட்டைத் தாங்காது. பதினோராம் நாள் இரவு இரண்டு மணி நேரம் கரன்ட் போனபோது, பெட்டியைப் போர்வையால் மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

முதல் 18 நாளும் தினமும் மூன்று முறையோ ஐந்து முறையோ முட்டையைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப்படை எதற்கு? நீண்ட இரவு முழுக்கத் தினமும் ஒரே பக்கமே மேலே இருந்துவிடக் கூடாது என்பதற்கு. அடைக்கோழி இந்த வேலையை யாரும் சொல்லாமலே நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. உண்மையில், வீட்டில் ஓர் அடைக்கோழி இருந்தால் இந்தப் பெட்டியே தேவையில்லை. ராத்திரி இருட்டில் அதன் அடியில் முட்டைகளை வைத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

ஏழாம் நாள் சண்டை

ஏழாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எட்டு முட்டைகளில் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவே ஒரு கரும்புள்ளி. ஒன்றில் நரம்பு இல்லை, ஒரு ரத்த வளையம் மட்டும். மூன்றில் ஒன்றுமே இல்லை, கடை முட்டை மாதிரி தெளிவாக இருந்தன.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதிக்குப் பாதி கூமுட்டையை அனுப்பிட்டு..." என்று விற்றவருக்கு மெசேஜ் தட்ட ஆரம்பித்தார். நாலு முட்டை பாதிக்குப் பாதி ஆகாது. ஆனால் கோபத்தில் கணக்கு யார் பார்க்கிறார்கள்?

அப்பாயிதான் சொன்னார், "ஒடச்சுப் பாரேன் மொதல்ல."

தோற்றுப்போன முட்டையைக் குப்பையில் போடுவதற்கு முன் உடைத்துப் பார்க்க வேண்டும். நாற்றமடித்தால் மட்டும் வேண்டாம், வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். மற்றபடி, யார் பக்கம் தப்பு என்பதை முட்டையே சொல்லும். மஞ்சள் கருவின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால், சேவல் சேரவே இல்லை. அது விற்றவர் கணக்கு. அவரிடம் கோழிகள் அதிகமாகவும் சேவல் குறைவாகவும் இருக்கலாம், சேவலுக்கு வயதாகியிருக்கலாம். அந்தப் புள்ளி விரிந்து, வட்டத்துக்குள் வட்டமாக இருந்தால், கரு இருந்தது, விழிக்கவில்லை. பழைய முட்டை, அல்லது பயணத்துச் சூடு, குலுக்கல். ரத்த வளையம் என்றால், விழித்து நாலைந்து நாளில் இறந்துவிட்டது. அதற்கும் பயணம் காரணமாகலாம், நம் வீட்டுச் சூடும் காரணமாகலாம். முழு உருவமும் வந்து, ஓட்டை உடைக்காமலே கடைசி நாள்களில் இறந்திருந்தால், பெரும்பாலும் தப்பு நம் பெட்டியில்தான். ஈரப்பதம், வெப்பம், காற்றோட்டம், திருப்பாமல் விட்டது, இவற்றில் ஏதோ ஒன்று.

மூன்று தெளிந்த முட்டைகளையும் உடைத்தார்கள். இரண்டில் வெறும் புள்ளி. ஒன்றில் வட்டம். ஆக, கோபப்பட வேண்டிய முட்டை இரண்டுதான். அம்மா பழைய மெசேஜை அழித்துவிட்டு, இரண்டு போட்டோக்களை மட்டும் அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாய்ஸ் நோட். "ரெண்டு முட்டை நம்ம கணக்குலதானுங்க, ஒத்துக்கறேன். ஒரு சேவலு சரியில்லீங்க, மாத்தறேன். அடுத்த வாட்டி சேர்த்து அனுப்பிவுடறேன். ஆனா சித்திரை, வைகாசியில மட்டும் இனி கேக்காதீங்க."

எல்லா விற்பனையாளரும் இப்படிப் பேசிவிட மாட்டார்கள். அட்டகாசமான சேவல் போட்டோவைக் காட்டிவிட்டு வேறு கோழியின் முட்டையை அனுப்புகிறவர்களும் உண்டு. ஓட்டைப் பார்த்து ஜாதியைக் கண்டுபிடிக்க வழியில்லை. குஞ்சு வளர்ந்த பிறகுதான் வேஷம் கலையும். இன்னொரு நுணுக்கம். சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், கோழிக்குள் அதன் விந்து உயிரோடு இருக்கும். அதனால், ஜாதி மாற்றிச் சேர்த்த பண்ணையில் மூன்று வாரமாவது பொறுத்தால்தான் சுத்தமான முட்டை. பணம் அனுப்புவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் கோழி வளர்ப்பவர். தடுமாறுபவர் பெரும்பாலும் வாங்கி விற்பவர்.

பெட்டியைத் திறக்காதே!

18-ஆம் நாள் மறுபடி டார்ச். இரண்டு முட்டைகளில் வளர்ச்சி பாதியில் நின்றிருந்தது. மிச்சம் ஆறு. அன்றோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டாக்கி, பெட்டியை மூடினார்கள். முதல் 18 நாளில் 50 சதவிகிதம் அளவில் இருந்தால் போதும் என்ற ஈரப்பதம், கடைசி மூன்று நாள் 65, 70 வேண்டும்.

20-ஆம் நாள் காலையில் உள்ளிருந்து கீச் கீச். 21-ஆம் நாள் மதியத்துக்குள் நாலு குஞ்சுகள் வெளியே வந்து, நனைந்த பஞ்சு மாதிரி கிடந்து, பிறகு எழுந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. சிறுமி பெட்டியை விட்டு நகரவில்லை. சாப்பாடுகூட அங்கேதான்.

ஐந்தாவது முட்டைதான் எல்லோரையும் அழவைத்தது. பென்சில் புள்ளி வைத்த மூன்றில் மிஞ்சியது அது. அன்று சாயங்காலம், காற்றறை இருக்கும் அகன்ற முனையை விட்டுவிட்டு, கூர்முனைப் பக்கம் ஒரு சின்னத் துளை விழுந்தது. குஞ்சு தலைகீழாக இருக்கிறது. பயணத்தில் காற்றறை விலகிய முட்டைகளில் இப்படி நடப்பது உண்டு. துளை வழியாக அலகு தெரிந்தது. கீச்சென்றது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ராத்திரி 11 மணி. "அம்மா, உரிச்சு விடும்மா, அது செத்துரும்."

அம்மாவின் கை பெட்டி மூடி மேல் போய்விட்டது. அப்பாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்பட்டு உரிச்சா ரத்தம் வரும் தாயி. அதுக்குத் தெரியும் எப்ப வரணும்னு."

ஓட்டின் உள்சவ்வில் அப்போதும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். மிச்சமுள்ள மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். முதல் துளைக்கும் ஓடு முழுதாக உடைவதற்கும் இடையே ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் உரித்தால் ரத்தப்போக்கில் குஞ்சு போய்விடும். பெட்டியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து, குஞ்சை இறுக்கிவிடும். மற்ற முட்டைக்கும் அதே கதி. ஏற்கெனவே வந்த நாலுக்கும் பசிக்குமே என்ற கவலையும் வேண்டாம். உள்ளே இழுத்த மஞ்சள் கரு இரண்டு, மூன்று நாளுக்குத் தாங்கும். அந்தக் கட்டுச்சோற்றை நம்பித்தான் ஒரு நாள் குஞ்சுகளை உலகம் முழுக்கப் பெட்டியில் அனுப்புகிறார்கள். அமெரிக்கத் தபால் துறை 1918-லேயே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடிகாலையில் அம்மா எழுந்து பார்த்தபோது துளை அப்படியேதான் இருந்தது. எட்டு மணிக்கு விரிசல் கொஞ்சம் நீண்டது. பத்தே முக்காலுக்கு ஓடு இரண்டாகப் பிரிந்தது. மற்றவற்றைவிட இளைத்த, கால் தள்ளாடிய குஞ்சு ஒன்று வெளியே வந்து படுத்துக்கொண்டது. ஆறாவது முட்டை திறக்கவே இல்லை. 23-ஆம் நாள் வரை பார்த்துவிட்டு எடுத்தார்கள்.

சிறுமியின் நோட்டில் கடைசி வரி: 13 - 1 - 4 - 2 - 1 = 5.

பயணப்பட்டு வந்த முட்டைகளில் பாதி பொரித்தாலே நல்ல பலன் என்பது வளர்ப்பவர்கள் பேச்சு. மே மாத வெயிலில் வந்தவற்றில் ஐந்து என்றால், பரவாயில்லை.

வேலை அதோடு முடியவில்லை. வழுவழுப்பான நியூஸ்பேப்பரில் விட்டால் கால் அகண்டுபோகும் என்று சாக்கை விரித்தார்கள். முதல் வாரம் பல்புக்கு அடியில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைவு. குஞ்சுகள் பல்புக்கடியில் முண்டியடித்தால் குளிர்கிறது, விலகி ஓடினால் சுடுகிறது. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து போட வேண்டும். ஐந்து குஞ்சுக்கு என்று தனியாக அந்த மருந்து கிடைக்காது, ஒரு குப்பியே 100, 200 கோழிக்கானது. அதனால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு, மற்ற வீட்டுக் கோழிகளோடு சேர்ந்து போட்டுக்கொள்வதுதான் வழி.

ஆர்டர் போடும்போது யாரும் யோசிக்காத ஒன்றும் உண்டு. பொரிப்பவற்றில் ஏறத்தாழப் பாதி சேவலாக இருக்கும். நகரத்து மொட்டைமாடியில் இரண்டு சேவல் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. எடுத்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று முட்டை வாங்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது. திருச்சிக் குடும்பம் விசாரிக்கவில்லை.

எட்டாவது வாரம், கூர்முனைப் பக்கம் உடைத்துக்கொண்டு வந்த அந்த இளைத்த குஞ்சுக்குத்தான் முதலில் கொண்டை சிவந்தது. இப்போது விடிகாலை நாலரைக்கு, தொண்டை கட்டின மாதிரி ஒரு கூவல் பழகிக்கொண்டிருக்கிறது. கீழ் போர்ஷன்காரர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.